ஜன்னல் பக்கம்

ஷைஸ்தா: ...அதெல்லாம் அப்புறம் பேசுவோம் மாமி. மொதல்ல அந்த நாற்காலிய எடுத்து ஓரமாப் போடுங்க. சாரை அந்தப் பக்கம் திருப்பணும்.

சுப்புலக்ஷ்மி: இப்பவா? இப்பத்தான் கண் அசந்தார்.

ஷைஸ்தா: கண்ணு தொறந்துல்லா இருக்கு.

சுப்புலக்ஷ்மி: எங்காத்துக்காரர் அப்படித்தான். கண்ணைத் திறந்துண்டே தூங்குவார். ஆபீஸ் மீட்டிங்ல வந்த பழக்கம்.

ஷைஸ்தா: நல்ல பழக்கம். எங்க மேனேஜர் மாதவ் சார் மீட்டிங்குக்கு நானும் கத்துக்கிடணும்... மாமி, நாற்காலி.

சுப்புலக்ஷ்மி: காபி குடிக்கறயா? ஃபிளாஸ்க்ல இருக்கு. சான்பாடாலேர்ந்து ட்ரெயின்ல மடியில வெச்சுண்டு வந்தேன், இன்னும் சூடு போகலை.

ஷைஸ்தா: நா இந்த முதியோர் ஹோமுக்கு நர்சு மாமி. சார் இடுப்புல இருக்க காயத்த அளக்க வந்திருக்கேன். காபி குடிக்க வரல.

சுப்புலக்ஷ்மி: குடிச்சுட்டு அளக்கறது. காயம் எங்கே ஓடிப்போறது?

ஷைஸ்தா: ஓடாது. அங்கனயே கெடந்து பெருசாவும். அதான் பயமே.

சுப்புலக்ஷ்மி: ...பெரிசாயிடுத்தா?

ஷைஸ்தா: போன வாரம் வெறும் செவப்பு. வெரல வச்சு அமுக்கிப் பாத்தேன், செவப்பு போகல. அதான் ஆரம்பம். இன்னைக்குக் காலைல குளிப்பாட்டுறப்ப பாக்கேன், தோலு கழண்டு உள்ளுக்கு ஈரமாக் கெடக்கு.

சுப்புலக்ஷ்மி: படுக்கைப் புண்ணா?

ஷைஸ்தா: ஆமா. வலது இடுப்பெலும்பு துருத்திக்கிட்டு இருக்குல்லா, அதுக்கு நேர் மேல. ஒரே பக்கமாக் கெடந்தா எலும்பும் மெத்தையும் சேந்து நடுவுல தோல நசுக்கிரும். ரத்தம் ஓடாது. அதுக்குத்தான் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க பக்கம் மாத்துதோம்.

சுப்புலக்ஷ்மி: அதெல்லாம் தெரியாமலா? சேர்த்த அன்னிக்கே சொன்னேளே. அனந்த் கூட ஃபோன்ல எழுதி வெச்சுண்டான்.

ஷைஸ்தா: ஒங்க மகன் எழுதி வச்சு என்ன செய்ய? அவரு ஐரோலில கம்பெனில உக்காந்திருக்காரு. காயம் இங்கன செம்பூர்ல இருக்கு.

சுப்புலக்ஷ்மி: கோபமா இருக்கியா ஷைஸ்தா?

ஷைஸ்தா: ஆமா. கோவமாத்தான் இருக்கேன். யாரு மேலன்னு தெரிஞ்சுக்கிடத்தான் வந்தேன். சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் குடுக்கணும். எங்க இருக்கு, எம்புட்டு நீளம், அகலம், ஆழம், எந்த ஸ்டேஜு, எப்பிடி வந்துச்சு. போட்டோவும் எடுக்கணும். அதுக்கு சார் இடது பக்கமாப் படுக்கணும். அப்பத்தானே வலது இடுப்பு மேல வரும்.

சுப்புலக்ஷ்மி: இப்படியே லேசா தூக்கிப் பாத்துக்கோயேன்.

ஷைஸ்தா: அடியில கைய விட்டுத் தடவி அளக்க இது என்ன அரிசி டப்பாவா?

சுப்புலக்ஷ்மி: நாளைக்குக் காலம்பற பண்ணிக்கலாமோ? நான் வரத்துக்கு முன்னாடி...

ஷைஸ்தா: நாளைக்கு அளந்தா சுஷ்மா மௌஷிக்கு வேலை இருக்காது.

சுப்புலக்ஷ்மி: என்னது?

ஷைஸ்தா: பகல் ஆயாவா சாரைப் பாத்துக்கிடுதது மௌஷிதான? கட்டில் கால்ல தொங்குதுல்லா ஒரு தாளு, அதுல இடது, மல்லாக்க, வலதுன்னு எல்லாத்துக்கும் டிக் போட்டு வச்சிருக்காவ. மாதவ் சார் பாத்தாரு. 'திருப்புனா எப்பிடிப் புண்ணு வரும்? திருப்பாமலே டிக் போட்டிருக்கா. ரிப்போர்ட் வரட்டும், கணக்க முடிச்சு அனுப்பிருவோம்'னாரு.

சுப்புலக்ஷ்மி: அது அநியாயம்.

ஷைஸ்தா: அதான் நானும் சொன்னேன். மௌஷிகிட்ட நேராவே கேட்டுட்டேன், திருப்புனியளா இல்லயான்னு. தரையப் பாத்துக்கிட்டு நிக்காவ. ஒரு வார்த்தை வரல. திருப்பலன்னும் சொல்லல, திருப்புனேன்னும் சொல்லல. தாராவில எங்க சந்துக்கு ரெண்டு சந்து தள்ளித்தான் வீடு. வீட்டுக்காரர் இல்ல. பொண்ணு காலேஜ் போவுது. எனக்கு வயிறு எரியுது மாமி.

சுப்புலக்ஷ்மி: அவ நல்லவ. அவளை ஒண்ணும் சொல்லப்படாது.

ஷைஸ்தா: அப்ப யாரைச் சொல்ல?

சுப்புலக்ஷ்மி: ...மெத்தை சரியில்லையோ என்னமோ. காத்து மெத்தைன்னு சொன்னேள், ராத்திரி பகல் புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம்தான் போடறது.

ஷைஸ்தா: மெத்தையச் சொன்னா மெத்தை வந்து இல்லன்னா சொல்லப்போவுது? மாமி, மனுசங்க சொல்லாட்டியும் ஒடம்பு சொல்லும். காலைல தலையில இருந்து கால் வரைக்கும் பாத்தேன். வலது காது மடல்ல செவப்பு. வலது கணுக்கால் எலும்புல செவப்பு. இடது பக்கம் பச்சப்புள்ள தோலு மாதிரி சுத்தமா இருக்கு. அப்ப சாரு எந்தப் பக்கம் கெடக்காவ?

சுப்புலக்ஷ்மி: ...வலது பக்கம்.

ஷைஸ்தா: சரி. அப்பறம் அந்தக் காயத்தோட ஓரம். சும்மா அமுங்குன காயம் வட்டமா இருக்கும். இது ஒரு பக்கமா இழுபட்டிருக்கு. ரெண்டு பேரு சேந்து தூக்கித் திருப்புனா அப்பிடி ஆவாது. ஒத்தை ஆளு, கையில பெலம் பத்தாம, விரிப்பப் புடிச்சு இழுத்திருக்காவ. சுஷ்மா மௌஷிய நீங்களே பாத்திருக்கிய. கேஸ் சிலிண்டர ஒத்தைக் கையில தூக்கிட்டு மாடி ஏறுத ஆளு.

சுப்புலக்ஷ்மி: நீ நர்சா, சிஐடியா?

ஷைஸ்தா: ரெண்டுக்கும் சேத்துச் சம்பளம் குடுத்தா நல்லாத்தான் இருக்கும்... மாமி, முதுகு வலிக்கா?

சுப்புலக்ஷ்மி: இல்லையே. ஏன்?

ஷைஸ்தா: தலகாணி போட்டுச் சாஞ்சு உக்காந்திருக்கியளே, அதான்.

சுப்புலக்ஷ்மி: இதுவா... இங்கேதான் கிடந்தது.

ஷைஸ்தா: அது சார் முதுகுக்கு அண்டக் குடுத்த தலகாணி. இன்னைக்கு நீங்க வாறதுக்குச் செத்த முன்னால, நானே வந்து இடது பக்கமாத் திருப்பி, சாஞ்சிராம இருக்க அத வச்சிட்டுப் போனேன். மௌஷி இல்ல, நா. இப்ப வந்து பாக்கேன், சாரு ஜன்னலப் பாத்து வலது பக்கமாக் கெடக்காவ. தலகாணி ஒங்க முதுகுல இருக்கு.

சுப்புலக்ஷ்மி: அவரே திரும்பியிருப்பார்.

ஷைஸ்தா: ஒரு வாய் தண்ணி முழுங்க அவருக்கு நாம தாடையப் புடிச்சிக்கிடணும். அவரா திரும்புனாவ?

சுப்புலக்ஷ்மி: ...அப்போ, என்னைப் பிடிக்கணும்னுதான் நீ அப்படிப் படுக்க வெச்சுட்டுப் போனியாக்கும்.

ஷைஸ்தா: ஆமா. எனக்கும் நல்லா இல்ல மாமி. மனசு கேக்காமத்தான் செஞ்சேன். ஒங்களக் கேட்டா இல்லன்னுருவிய. மௌஷியக் கேட்டா தரையப் பாக்காவ.

சுப்புலக்ஷ்மி: அவ எனக்காகத்தான் வாயைத் திறக்கலை.

ஷைஸ்தா: அது இப்பத்தான் புரியுது.

சுப்புலக்ஷ்மி: நான்தான் அவகிட்டே சொன்னேன். 'சுஷ்மா, நான் பகல் பூரா இங்கேதானே உக்காந்திருக்கேன். நீ மத்தவாளைப் பாரு. இவரை நான் திருப்பிக்கறேன்'னு. அவளுக்கும் ஒரு ஃப்ளோர் முழுக்க வேலை. ஒத்தாசையா இருக்குன்னு சந்தோஷப்பட்டா. மணியானா கதவுகிட்டே நின்னு தலையை நீட்டுவா, 'மாமி, ஹோ கயா?'ம்பா. நான் ஆச்சும்பேன். டிக் போட்டுண்டு போயிடுவா.

ஷைஸ்தா: ஆனா ஆகல.

சுப்புலக்ஷ்மி: ஆகலை. அவளோ நீயோ திருப்பிட்டுப் போனாலும், நான் மறுபடி இந்தப் பக்கம் கொண்டுவந்துடுவேன். விரிப்பைச் சுருட்டிப் பிடிச்சுண்டு, கட்டில் கம்பில முழங்காலை முட்டுக் குடுத்து...

ஷைஸ்தா: அந்த இழுப்புத்தான் தோல உரிச்சிருக்கு.

சுப்புலக்ஷ்மி: சிவந்து போனது எனக்குத் தெரியும்டீ. தெரிஞ்சுதான் தினம் தேங்காயெண்ணெய் போட்டு நன்னா தேய்ச்சு விட்டேன். ரத்தம் ஓடட்டும்னு.

ஷைஸ்தா: தேய்க்கவும் செஞ்சியளா? சரியாப் போச்சு. செவந்த எடத்தத் தொடவே கூடாது மாமி. உள்ள நைஞ்சு போய்க் கெடக்கத நீங்க கசக்கிவிட்டா என்னத்துக்கு ஆவும்?

சுப்புலக்ஷ்மி: அது எனக்குத் தெரியலை. சத்தியமா தெரியலை. நல்லதுன்னு நெனச்சேன்.

ஷைஸ்தா: அழாதிய... இந்தாங்க, துடைச்சுக்கிடுங்க. நா திட்ட வரல. எண்ணெய விடுங்க. எதுக்காவத் திருப்புனிய, அத மட்டும் சொல்லுங்க. இடது பக்கம் படுத்தா சாருக்கு என்ன?

சுப்புலக்ஷ்மி: மூச்சு வாங்கறது.

ஷைஸ்தா: காலைல நா அளந்தேன். ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தான் இருந்துச்சு.

சுப்புலக்ஷ்மி: தோள்பட்டை வலிக்கறதுன்னு முனகுவார்.

ஷைஸ்தா: எந்தத் தோள்பட்டை?

சுப்புலக்ஷ்மி: ...இதோ, இது.

ஷைஸ்தா: நீங்க காட்டுதது வலது தோளு.

சுப்புலக்ஷ்மி: சரி, ஜன்னல்னு வெச்சுக்கோயேன். அணுசக்தி நகர்ல குவார்ட்டர்ஸ்ல இருந்த காலம் பூரா ஸ்டாஃப் பஸ்ல ஜன்னல் சீட்தான். இன்னொருத்தர் உக்காந்துட்டா அந்த பஸ்ஸையே விட்டுட்டு அடுத்ததுல போவார். அப்படி ஒரு மனுஷர். அவரைச் சுவத்தைப் பாக்கப் படுக்க வெச்சா மனசு கேக்குமா?

ஷைஸ்தா: அந்த ஜன்னல்ல என்ன தெரியுது? பக்கத்து பில்டிங்கு பைப்பும் நாலு புறாவும்.

சுப்புலக்ஷ்மி: அவருக்கு அதுவே போதும்.

ஷைஸ்தா: புறாவுக்காவ இடுப்பு புண்ணாகலாமா மாமி? இப்பம் தோலோட நிக்கி. இன்னும் ரெண்டு வாரம் இப்பிடியே போனா எலும்பு தெரியும். அதுக்கப்பறம் ஆஸ்பத்திரிதான். போன வருசம் மூணாம் ரூம்ல ஒருத்தர அப்பிடிக் கூட்டிட்டுப் போனாவ. திரும்பி வரல.

சுப்புலக்ஷ்மி: அப்படிச் சொல்லாதே.

ஷைஸ்தா: சொல்லாம இருந்தா நா நர்சே இல்ல.

சுப்புலக்ஷ்மி: ...எழுதிக்கோ. நான்தான் திருப்பினேன்னு எழுது. சுஷ்மா மேல தப்பில்லைன்னு எழுது. வேணும்னா மாதவ்கிட்டே நானே போய்ச் சொல்றேன்.

ஷைஸ்தா: எழுதுதது லேசு. ஆனா ஒண்ணு. வீட்டு ஆளு கைய வச்சதால வந்துச்சுன்னு எழுதுனா, மாதவ் சாரு என்ன செய்வாரு தெரியுமா? பகல்ல உக்கார விட மாட்டாரு. சாயங்காலம் செத்த நேரம் பாத்துட்டுப் போங்கன்னுருவாரு. கட்டிலத் தொடக்கூடாதுன்னுருவாரு. இதையும் சொல்லணும்லா, அதான் அப்பவே எழுதாம ஒங்ககிட்ட வந்தேன்.

சுப்புலக்ஷ்மி: நல்லதாப் போச்சு. நான் வரலை.

ஷைஸ்தா: என்ன மாமி சொல்லுதிய?

சுப்புலக்ஷ்மி: புண் ஆறற வரைக்கும் நான் வரலை. நீங்க ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திப் படுக்க வெச்சு சரி பண்ணுங்கோ. ஆறினப்புறம் வரேன். அனந்துக்கும் சந்தோஷம்தான். வயசான காலத்துல எதுக்கும்மா தினம் ட்ரெயின்ல அலையறேன்னு கேட்டுண்டேதான் இருக்கான்.

ஷைஸ்தா: வராம இருந்திருவியளா? மழையில ட்ரெயின் நின்னப்ப மான்குர்டுல எறங்கி ஆட்டோ புடிச்சு, முழங்கால் வரைக்கும் நனைஞ்சு வந்த ஆளு நீங்க.

சுப்புலக்ஷ்மி: அது அப்போ.

ஷைஸ்தா: சாரு சும்மா விட்டிருவாவளா? காலைல ஒங்க ட்ரெயின் செம்பூருக்கு வரவே இல்ல, அதுக்குள்ள ஆரம்பிச்சிருவாவ. 'சுப்பு வந்தாச்சா, சுப்பு வந்தாச்சா'ன்னு. சுஷ்மா மௌஷி, 'ஆ ரஹீ ஹை பாபா', வந்துக்கிட்டே இருக்காவன்னு சொல்லிச் சொல்லி வாயி வலிச்சுப் போவும்.

சுப்புலக்ஷ்மி: கேக்கறாரா? இப்பவும்?

ஷைஸ்தா: இன்னைக்குக் கூட.

சுப்புலக்ஷ்மி: பேரைச் சொல்லியா கேட்டார்?

ஷைஸ்தா: பேரச் சொல்லித்தான். என் பேரு அவருக்கு ஒரு நாளும் வந்ததில்ல. 'பஸ் வந்தாச்சா சார்'னு என்னையப் பாத்துக் கேக்காவ. கண்டக்டர்னு நெனைப்பு போல.

சுப்புலக்ஷ்மி: உன்னையாவது கண்டக்டர்ங்கறார். பெத்த பிள்ளையைப் பாத்து, 'சார், எந்த டிபார்ட்மெண்ட்ல இருக்கேள்'னு கேட்டார். அனந்த் ஒண்ணும் சொல்லலை. லிஃப்ட்கிட்டே போய் நின்னு அழுதான். அன்னியிலேர்ந்து அவன் வரதே கொறைஞ்சு போச்சு. குத்தம் சொல்லலை. எல்லாராலயும் அதைத் தாங்க முடியுமா?

ஷைஸ்தா: முடியாதுதான்.

சுப்புலக்ஷ்மி: தம்பியை மறந்துட்டார். கூட வேலை பாத்தவாளை மறந்துட்டார். என்னை மட்டும் மறக்கலை, கேட்டியோ? அனந்தும் அதைத்தான் சொல்லுவான். 'அம்மா, உன்னையாவது தெரியறதே'ம்பான். நானும் ஆமாம்பேன்.

ஷைஸ்தா: அப்ப பெறகென்ன? ஒங்களத் தேடுத மனுசர விட்டுட்டு வரமாட்டேங்கிய. இதுக்கு ஒரு வழி இருக்கு மாமி. மாதவ் சார்கிட்ட நா பேசுதேன். மாமிக்குத் திருப்புதது எப்பிடின்னு நா சொல்லிக் குடுக்கேன், இனிமே மௌஷி கூட சேந்துதான் திருப்புவாவன்னு ரிப்போர்ட்லயே எழுதிருதேன். காயம் ஆறுனா அவரு ஏன் வேண்டாங்கப் போறாரு? மௌஷி வேலையும் நிக்கும்.

சுப்புலக்ஷ்மி: அவ வேலை நிச்சயமா நிக்குமா?

ஷைஸ்தா: டிக் போட்டதுக்குத் திட்டு விழும். வேலை போவாது. நா விட மாட்டேன்.

சுப்புலக்ஷ்மி: உனக்குப் புண்ணியமாப் போகும்.

ஷைஸ்தா: புண்ணியத்த அப்பறம் குடுங்க. இப்பம் ஒங்க நாற்காலிய அந்தப் பக்கம் போடுவோம். சாரு சுவத்தப் பாத்துப் படுத்தா சுவருக்கு முன்னால நீங்க இருப்பிய. ஜன்னல் எதுக்கு?

சுப்புலக்ஷ்மி: அந்தப் பக்கமா... அங்கே எடம் எங்கே இருக்கு? பெட்டி இருக்கே.

ஷைஸ்தா: பெட்டிக்குச் சக்கரம் இருக்கு. இந்தா, தள்ளியாச்சு.

சுப்புலக்ஷ்மி: ஏசி காத்து நேரா மூஞ்சில அடிக்கும். எனக்கு ஆகாது.

ஷைஸ்தா: அணைச்சாச்சு.

சுப்புலக்ஷ்மி: கதவுகிட்டே போறவா வரவாளுக்கு இடைஞ்சல்...

ஷைஸ்தா: மாமி. எனக்கு ஒண்ணும் புரியல. பக்கம் மாறுனா என்ன? நீங்க அவர் கண்ணு முன்னாலதான இருக்கப் போறிய?

சுப்புலக்ஷ்மி: ...அதான்.

ஷைஸ்தா: எது?

சுப்புலக்ஷ்மி: ஒண்ணுமில்லை.

ஷைஸ்தா: சரி, சொல்ல வேண்டாம். எனக்கு ஒரு கை மட்டும் குடுங்க. மௌஷி கீழ மாதவ் சார் ரூமு வாசல்ல உக்காந்திருக்காவ. நாம ரெண்டு பேருந்தான் திருப்பணும். திரும்புனதும் முதுகு வாற ஜன்னல் பக்கம் நா நிக்கேன். மொகம் வாற சுவர்ப் பக்கம் நீங்க போங்க.

சுப்புலக்ஷ்மி: நான் முதுகுப் பக்கம் நிக்கறேனே.

ஷைஸ்தா: தள்ளுதது நானாத்தான் இருக்கணும், ஒங்களுக்குப் பெலம் பத்தாது. அதுவுமில்லாம, திருப்புறப்ப விழுந்திருவோமோன்னு அவருக்குப் பயம் வரும். ஒங்க மொகத்தப் பாத்தாத் தைரியமா இருப்பாவ.

சுப்புலக்ஷ்மி: என் மூஞ்சியைப் பாத்தா...

ஷைஸ்தா: ஆமா. வேற யாரு மொகத்த அவருக்குத் தெரியும்? வாங்க மாமி. ஒவ்வொரு நிமிசமும் அந்த எலும்பு மேலதான் கெடக்காவ.

சுப்புலக்ஷ்மி: ...சரி. வரேன்.

ஷைஸ்தா: அங்கன நில்லுங்க. அவரு வலது கைய எடுத்து நெஞ்சு மேல வைங்க. முழங்காலை மடக்கிக்கிடுங்க. அப்பிடித்தான். விரிப்ப இழுக்கக் கூடாது, தூக்கணும். என்னோட சேந்து... நா மூணு சொன்னதும். சார், பயப்படாதிய, மாமி இங்கனதான் இருக்காவ. ஒண்ணு... ரெண்டு... மூணு.

வேங்கடசுப்ரமணியன்: அம்மா...

ஷைஸ்தா: ஆச்சு சார், ஆச்சு. அவ்வளவுதான். இந்தா, தலகாணி வச்சாச்சு. வலிக்கா?

வேங்கடசுப்ரமணியன்: ...

ஷைஸ்தா: பேசுங்க மாமி. முழிச்சு ஒங்களத்தான் பாக்காவ.

சுப்புலக்ஷ்மி: ...

ஷைஸ்தா: ஏன் தலையக் குனிஞ்சுக்கிட்டிய? பாருங்க அவர.

வேங்கடசுப்ரமணியன்: யாரு?

ஷைஸ்தா: யாரா? மாமிதான் சார். காலைல இருந்து தேடுனியளே.

வேங்கடசுப்ரமணியன்: மாமியா... நமஸ்காரம் மாமி. எந்த பில்டிங் நீங்க? நம்ம காலனில பாத்ததில்லையே.

ஷைஸ்தா: சார், நல்லாப் பாருங்க...

சுப்புலக்ஷ்மி: விடு ஷைஸ்தா.

வேங்கடசுப்ரமணியன்: எங்காத்துல கடைக்குப் போயிருக்கா. சுப்புலக்ஷ்மின்னு பேரு. இப்ப வந்துடுவா.

ஷைஸ்தா: மாமி... எத்தன நாளா இப்பிடி?

சுப்புலக்ஷ்மி: கொஞ்ச நாளா. அந்தப் பக்கம் உக்காந்தா ஜன்னல் வெளிச்சம் எனக்குப் பின்னாடி இருக்கும். என் மூஞ்சி தெரியாது அவருக்கு. நிழலாத்தான் தெரிவேன். குரலைக் கேட்டுண்டு, கையைப் பிடிச்சுண்டு, சுப்பு சுப்புன்னு நாள் பூரா பேசுவார். இந்தப் பக்கம் வந்தா வெளிச்சம் நேரா மூஞ்சில விழறது. அவர் தேடறது சின்னப் பொண்ணை. இங்கே ஒரு கிழவி நிக்கறா.

ஷைஸ்தா: நா இது தெரியாம ஒங்கள இழுத்துக் கொண்டாந்து நிறுத்திட்டேனே.

சுப்புலக்ஷ்மி: உனக்கு எப்படித் தெரியும்? பெத்த பிள்ளைக்கே சொல்லலை.

ஷைஸ்தா: திரையப் போடட்டுமா? கொஞ்சம் இருட்டுனா...

சுப்புலக்ஷ்மி: இருட்டுல நீ எப்படி அளப்பே? வேண்டாம். அந்தப் புண்ணை நன்னாப் பாத்து எழுது. எவ்வளவு நாழி ஆனாலும் சரி, இப்படியே படுத்துண்டிருக்கட்டும்.

வேங்கடசுப்ரமணியன்: நின்னுண்டே இருக்கேளே மாமி. உக்காருங்கோ. அவ வந்ததும் காபி போட்டுத் தருவா, குடிச்சுட்டுத்தான் போகணும்.

சுப்புலக்ஷ்மி: ஆகட்டும். உக்காந்துக்கறேன்... அவ வர வரைக்கும் உங்களுக்குத் துணையா நான் இங்கேயே இருக்கேன்.